முத்தாபுதுப்பேட்டைக்கு எத்தனை எழுத்து?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதப்பட்டது.)



"திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிப்பது எப்படி?" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று நம் செயலாளர் சொன்னார். பேசுவதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விழா அழைப்பிதழ் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உறை மேல் ஊர்ப் பெயர் அரைகுறையாக இருந்ததாகச் சிலர் குறைப்பட்டீர்கள். முகவரிச் சீட்டு அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

நடந்தது இதுதான். பழைய பதிவேட்டிலிருந்து பெயர், தெரு, ஊர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். சீட்டு அச்சிட இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன மென்பொருளை எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பெயருக்கு எத்தனை எழுத்து இடம் விடலாம் என்று அது கேட்டது. பதினைந்து என்று கொடுத்தேன். நம்ம பக்கத்து ஊர்ப் பெயர் எதுவும் பதினைந்து எழுத்துக்கு மேல் போகாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அச்சடித்தோம், ஒட்டினோம், தபாலில் போட்டோம்.

மூன்றாம் நாள் இந்த ஊர் நண்பர் போன் செய்தார். "ஏண்டா, நாற்பது வருஷமா முத்தாபுதுப்பேட்டையில இருக்கேன். எங்க ஊர்லேர்ந்து 'டை'யை எடுத்துட்டு வெறும் 'முத்தாபுதுப்பேட' ஆக்கிட்டியே?" என்றார். சாயங்காலம் திருமுல்லைவாயில் நண்பர் பேசினார். "எங்க ஊருல கடைசிப் புள்ளி மட்டும் காணோம்பா." ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம்காரர்கள் யாரும் பேசவில்லை. அவர்கள் ஊர் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது எல்லாரும் விரலை மடக்கி எண்ணுங்கள். மு, த், தா, பு, து, ப், பே, ட், டை. ஒன்பது எழுத்து. பதினைந்து இடம் கொடுத்தும் ஒன்பது எழுத்து ஏன் உட்காரவில்லை?

கம்ப்யூட்டர் எண்ணியது வேறு கணக்கு. யூனிகோடு முறையில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துக்கு எண் உண்டு. அகரம் ஏறிய க, ங, ச முதலியவற்றுக்கு உண்டு. கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கு உண்டு. 'மு' என்பது ம-வும் அதன் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண். 'த்' என்பது த-வும் புள்ளியும். அப்படிப் பார்த்தால் முத்தாபுதுப்பேட்டையின் ஒன்பது எழுத்தும் இரண்டிரண்டாகப் பதினெட்டு ஆகிவிடும். பதினைந்தில் வெட்டினால் 'முத்தாபுதுப்பேட'. திருமுல்லைவாயிலுக்கு எட்டு எழுத்து, பதினாறு எண்; கடைசிப் புள்ளி போய்விட்டது. ஆவடிக்கு மூன்று எழுத்து, நாலே எண், தப்பித்துக்கொண்டது.

போஸ்ட்மேன் நல்லவர், 'பேட' என்று இருந்தாலும் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இதே வெட்டு ஒரு சான்றிதழில் உங்கள் பெயர் மேல் விழுந்தால் என்ன ஆகும்? இரண்டு ஆவணத்தில் பெயர் இரண்டு விதமாக இருந்தால் எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்று இங்கே உள்ள பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மென்பொருளை எழுதியவருக்கு "உங்கள் மென்பொருள் தமிழைக் கொல்கிறது" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் டீ குடிக்கப் போனேன். அந்த டீதான் என்னைக் காப்பாற்றியது. அவர் எந்த நாட்டுக்காரரோ, தன் வேலைக்காக எழுதியதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார். தமிழில் 'ட்' ஒரு எழுத்து என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவன் நான். அழித்துவிட்டு உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.

இதுவரை கேட்டது கதை. இனிமேல்தான் தலைப்பு.

திறந்த மூல மென்பொருள் என்றால் அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரிமம் எழுதி வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ், இன்று உங்கள் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கும் அடித்தளம். தொடங்கும்போது அவருக்கு வயது 21. தம்பிகள் கவனிக்கவும்.

நமக்கு இது புதிய வழக்கம் இல்லை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாட்டில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள். கணினியில் தமிழ் அடிக்க எ-கலப்பை செய்து கொடுத்தவர்களும் தன்னார்வலர்களே. 2012 ஜனவரி முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. பைத்தான் மொழியில் தமிழைச் சரியாகக் கையாள, முத்து அண்ணாமலை முதலானோர் 2013 முதல் ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பை வளர்த்து வருகிறார்கள். வெறும் பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். ஓப்பன்-தமிழிடம் எழுத்துகளைப் பிரிக்கச் சொன்னால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ததால்தான் அது மூன்று.

சரி, பங்களிப்பது எப்படி? நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் நிஜமாகப் பயன்படுத்துகிற மென்பொருளை எடுங்கள். "அண்ணா, எந்த புராஜெக்ட்ல சேர்ந்தா ரெஸ்யூமேக்கு நல்லது?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது போல் புராஜெக்ட் பார்க்காதீர்கள். தினமும் எது உங்கள் கையைக் கடிக்கிறதோ அதைப் பாருங்கள். குறை எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும். எடுப்பதற்கு முன் அந்தத் திட்டத்துக்கு உயிர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது மாற்றம் நடந்திருக்கிறது? கேட்பவர்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா? நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கதவைத் தட்டிப் பயனில்லை.

இரண்டாவது, படியுங்கள். ரீட்மீ, பங்களிப்பு விதிகள், உரிமம், மூன்றையும் படியுங்கள். உங்கள் குறையை ஏற்கெனவே வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள். என்னைப் போல வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றும் படிக்க வேண்டும்: உங்கள் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம். நீங்கள் எழுதுகிற நிரல் யாருக்குச் சொந்தம் என்று அதில் இருக்கும். சந்தேகம் இருந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, குறையைச் சரியாகச் சொல்லுங்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கே வலி, எப்போதிருந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார் இல்லையா? அதே மாதிரி, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, இந்த ஐந்தும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டு மிகச் சின்னதாக இருக்க வேண்டும். எங்கள் ஐந்நூறு முகவரியை அனுப்பவில்லை. முத்தாபுதுப்பேட்டை என்ற ஒரு சொல்லை மட்டும் அனுப்பினேன். "பதினைந்து கொடுத்தேன், ஒன்பது எழுத்தும் வரும் என்று எதிர்பார்த்தேன், ஏழாவது எழுத்துக்குப் பிறகு உடைந்துவிட்டது" என்று எழுதினேன்.

பத்தொன்பது நாள் பதில் இல்லை. அவரவருக்கு வேலை, குடும்பம் உண்டு. இருபதாம் நாள் வந்தது. "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எது சரி என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" நியாயமான கேள்விதானே? நம் ரயில் பாதையை நினைத்துக்கொண்டு ஒரு பட்டியல் போட்டேன். ஆவடி 3, அம்பத்தூர் 6, பட்டாபிராம் 6, திருநின்றவூர் 7, திருமுல்லைவாயில் 8. ரயில் நிற்காவிட்டாலும் கடைசியில் முத்தாபுதுப்பேட்டை 9. "இந்த ஆறுக்கும் இந்த எண் வந்தால் சரி" என்று அனுப்பினேன். "நீங்களே திருத்தி அனுப்புங்களேன்" என்று பதில் வந்தது.

நான்காவது, திருத்துவது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மாஸ்டர் டிராயிங்கில் யாரும் பேனா வைப்பதில்லை. காப்பி எடுத்து, அதில் மாற்றி, ஒரு பீஸ் கடைந்து பார்த்து, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த பிறகுதான் மாஸ்டரை மாற்றுவார்கள். இங்கேயும் அதேதான். திட்டத்தை உங்கள் கணக்கில் நகல் எடுப்பது ஃபோர்க். அதில் இந்தத் திருத்தத்துக்கு என்று தனிக் கிளை பிரிப்பது பிராஞ்ச். மாற்றத்தைக் காரணத்தோடு பதிவு செய்வது கமிட். "இதைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்பது புல் ரிக்வெஸ்ட். இதற்கெல்லாம் கணக்கு வைக்கிற கிட் என்ற கருவியையும் 2005ல் அதே டோர்வால்ட்ஸ்தான் எழுதினார். ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு திருத்தத்தில் ஒரு காரியம்தான் செய்ய வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் அழகுபடுத்தி நாற்பது கோப்பை மாற்றி அனுப்பினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். திருத்தத்தோடு சோதனையும் வைக்க வேண்டும். இந்தச் சொல்லைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்று எழுதி வைத்தால், நாளைக்கு வேறு ஒருவர் தெரியாமல் கெடுத்தாலும் உடனே மணி அடித்துவிடும்.

ஐந்தாவது, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். நான் ஓப்பன்-தமிழை வைத்துத் திருத்தி, பெருமையோடு அனுப்பினேன். அவர் ஏற்கவில்லை. "தமிழுக்கு மட்டும் செய்திருக்கிறீர்கள். இந்திக்கும் தாய்லாந்து மொழிக்கும் இதே சிக்கல் இருக்குமே. யூனிகோடிலேயே எழுத்தை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது என்று பொதுவிதி உண்டு. அதைப் பின்பற்றலாமா?" என்றார். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன், மறைக்கவில்லை. பிறகு அந்த விதியைப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. மறுபடி எழுதினேன். மொத்தம் ஏழு வரி மாற்றமும் ஆறு ஊர்ப் பெயரும். சேர்த்துக்கொண்டார்.

இன்றைக்கு அந்த மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவருவதற்கு முன், முத்தாபுதுப்பேட்டைக்கு ஒன்பது எழுத்து வருகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் வெளிவருகிறது. எழுதியவர் இந்த ஊரைப் பார்த்ததில்லை. விமானப்படை நிலையம் எங்கே இருக்கிறது, எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஊர்ப் பெயரை உடைக்காமல் அச்சடிக்கிறார். என் பங்களிப்பு அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது? தமிழ் இலக்கியம், வணிகவியல் படித்த நண்பர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நிறைய வேலை உண்டு. திரையில் தெரிகிற சொற்களைத் தமிழாக்கம் செய்யலாம். ஆனால் அதிலும் பொறுமை வேண்டும். நான் முன்பு ஒரு திட்டத்துக்கு ஒரே இரவில் அறுநூறு வரி மொழிபெயர்த்தேன். ஓர் இடத்தில் 'கோப்பு' என்றேன், இன்னோர் இடத்தில் 'பைல்' என்றேன். எண் வந்து உட்கார வேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியும் ஓர் எழுத்தும் இருக்கும். அது ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்து நீக்கிவிட்டேன். அந்தத் திரை திறந்தவுடன் மென்பொருள் படுத்துவிட்டது. அறுநூறும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இருபது இருபதாகத்தான் செய்கிறேன். முந்தையவர்கள் வைத்திருக்கிற கலைச்சொல் பட்டியலைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்காரருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் புரியுமா என்று யோசித்துவிட்டுத்தான் ஒரு சொல்லைப் போடுகிறேன்.

பார்வையற்றவர்கள் கணினியைக் காதால் கேட்டுப் பயன்படுத்த என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பான் இருக்கிறது. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இலவசம், திறந்த மூலம். ஈஸ்பீக் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருள் தமிழையும் பேசும். எந்தச் சொல்லைத் தப்பாக உச்சரிக்கிறது என்று கேட்டு எழுதி அனுப்ப, நல்ல தமிழ்க் காது இருந்தால் போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் உங்கள் தெருவின் பெயரைத் தமிழில் சேர்க்கலாம். அதற்குத் தெருவில் நடந்திருந்தால் போதும்.

இனி, செய்யக் கூடாதது. 2020ல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியில் நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி ஆயிரக்கணக்கில் குப்பை வந்து குவிந்தது. பொறுக்க முடியாமல், விரும்பிச் சேர்கிற திட்டங்களுக்கு மட்டும்தான் இது என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்றினார்கள். 2024ல் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற திட்டத்தின் ரீட்மீயில் ஆளாளுக்குத் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பினார்கள். பாட வீடியோவில் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறார்கள். அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்கள் ஏராளம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி, தாங்களே படித்துப் பார்க்காமல் அனுப்புகிறவர்களும் வந்துவிட்டார்கள். அதன் உதவியைப் பெறுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. "இந்த வரி ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாததை அனுப்பாதீர்கள்.

மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் ஒற்றை மனிதர். எக்ஸ்.இசட். என்று கோப்புகளைச் சுருக்குகிற ஒரு மென்பொருள், பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உண்டு. லாசே காலின் என்பவர் அதைச் சம்பளம் இல்லாமல் பல வருஷம் பார்த்துக்கொண்டார். அவர் களைத்துப் போயிருந்த நேரத்தில், உதவி செய்கிறேன் என்று ஒருவர் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபடி வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, 2024ல் அதில் திருட்டு வழி ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார். உலகம் முழுக்கப் பரவுவதற்கு முன் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. விடாமல் தேடிப் பிடித்தார். அரை விநாடி! நம்மில் யாராவது கவனித்திருப்போமா? அந்த ஒற்றை மனிதருக்கு நேர்மையான நாலு பேர் தோள் கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு, நாற்காலிக்கு, மின்விசிறிக்கு என்று நம் சங்கம் நிதி கொடுக்கிறது. அதோடு நேரமும் கொடுப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், கல்லூரி கணினி ஆய்வுக்கூடத்தில் முன்னாள் மாணவர் இரண்டு பேர் உட்காரட்டும். வருகிற மாணவர் ஒவ்வொருவரும் தான் பயன்படுத்துகிற ஒரு மென்பொருளில் தன்னைக் கடித்த ஒரு குறையோடு வரட்டும். அதைப் படித்து, தேடி, சரியாக எழுதி அனுப்பும் வரை கூட இருப்போம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். இரண்டாவது ஆளாக வருவதற்கு, 'டை'யைப் பறிகொடுத்த முத்தாபுதுப்பேட்டை நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் பிழை கண்டுபிடிக்கத் தெரியும் என்று நிரூபித்துவிட்டார்.

அடுத்த சந்திப்பு விழா அழைப்பிதழையும் நானே அனுப்புகிறேன். உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு புள்ளி குறைந்தாலும் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை. அனுப்புவதற்கு முன் ஒரு டீ மட்டும் குடித்துவிடுங்கள்.